குழாய் விட்ட ரத்தம்

அறைக்குள் இருந்தவர்கள்: டாக்டர் முவிலா. மயக்க மருந்து கொடுக்கும் புப்பே. நர்ஸ் நமுகோலோ. மேசையில், கருப்பையில் பப்பாளிக்காய் அளவுக் கட்டியோடு திசௌகே ஜெரே. நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டு ராத்திரியில் வார்டு துடைக்கும் நான். பகல் ஆள் வரவில்லை என்று என்னையே இருக்கச் சொல்லிவிட்டார்கள். வெளியே பெஞ்சில் திசௌகேயின் கணவன் சாண்டா, செம்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டுபவன். சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, தன் ரத்தத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

திசௌகே யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தவள். அடுத்தவர் ரத்தம் ஏறக் கூடாது. அவளுடையதே ஏறலாம், அதற்கும் அவள் மனசாட்சி ஒரு வரம்பு வைத்திருந்தது. சிந்தும் ரத்தத்தை உறிஞ்சிக் கழுவித் திருப்பித் தரும் எந்திரத்தின் குழாய் அவள் உடம்பை விட்டுப் பிரியக் கூடாது. பிரிந்தால் அது அவளுடையதல்ல, கீழே ஊற்றிவிட வேண்டும். செத்தாலும் கோபமில்லை என்றாள். முவிலா தலையாட்டினார்.

அவள் ங்கோனி இனம், முவிலா பெம்பா இனம்; குரங்கு தின்னி, எலி தின்னி என்று ஒருவரையொருவர் கேலி பேசுவது இரண்டு இனத்துக்கும் பழைய முறை. சீண்டாமல் தூங்குவாளா?

"குரங்கு தின்ன கை வழுக்கும், டாக்டர். பாத்துப் பண்ணுங்க."

"எலி தின்னிக்கு வாய் மட்டும் கடைசியாத்தான் மயங்கும்."

சிரித்தபடியே கண் செருகினாள்.

முவிலாவின் கை வழுக்கவில்லை. கட்டி பாதிக்கு மேல் பிரிந்துவந்தபோது ஒரு தமனி பீறிட்டது. எந்திரம் உறிஞ்சியது, கழுவியது, கழுவிய ரத்தத்தால் அதன் பை நிரம்பியது. ரத்த அழுத்தம் இறங்கவே, புப்பே மேசையின் தலைமாட்டைத் தாழ்த்தினாள். குழாய்க்கு அவ்வளவு நீளமில்லை. திசௌகேயின் மணிக்கட்டருகே இணைப்பு கழன்றது. புப்பே நுனியைக் கிள்ளிப் பிடித்தாள். திரும்பச் சொருக ஒரு நொடி போதும்.

"நாம நாலு பேர்தான் பாத்தோம்," என்றாள் மெதுவாக.

முவிலா தமனியை விரலால் அழுத்தியபடி பையைப் பார்த்தார். பிறகு திசௌகேயின் முகத்தை.

"அவகிட்டத் தலையாட்டினது நான்."

நூலுக்குக் கை நீட்டினார். முடிச்சு விழுந்தது. அழுத்தம் கேட்டார், அறுபது என்றாள் புப்பே. குறைவுதான். அவர் குரல் இறங்கவில்லை. இனி ஒரு கரண்டிகூடச் சிந்தாமல் முடிக்கிறேன் என்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"அந்தப் பையைக் கொண்டுபோய் ஊத்திரு. இங்க தொங்கினா எனக்குப் புத்தி மாறும். நமுகோலோ, இவன் போனதும் பூட்டு."

பை இன்னும் இளஞ்சூடாக இருந்தது. துணி போட்டு மூடத் தோன்றாமல் வெளியே வந்துவிட்டேன். சாண்டா எழுந்தான். பையைப் பார்த்தான். சுருட்டிய சட்டைக்கையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றினான். என் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.