ஒண்ணு போடு

கால் கட்டைவிரல் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பீடியால் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, நிறுத்தினால் கால் தங்கும், இல்லாவிட்டால் எடுக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர். வரப்பு வெட்டிப் பிழைக்கிறவனுக்குக் கால் போனால் என்ன மிச்சம்? நிறுத்துகிறேன் என்றேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மருதையனும் அதையேதான் சொன்னான். எங்கள் தெருக்காரன். என்னோடு சேர்ந்தே பீடி பழகினவன்.

வெளியே ஒரு பெண் எங்கள் போன் நம்பரை எழுதிக்கொண்டாள். தினமும் சாயங்காலம் மெசேஜ் வரும், இன்று புகைத்தீர்களா என்று கேட்கும், இல்லை என்றால் ஒன்று, ஆமாம் என்றால் இரண்டு அனுப்ப வேண்டும் என்றாள். வீட்டில் ஒரே போன்தான், மருமகள் செம்மொழியிடம் இருக்கும். ரேஷன், ஆதார், முதியோர் பென்ஷன் எல்லாம் அந்த நம்பரில்தான்.

அதுதான் எனக்கு உறுத்தியது. நான் பீடி குடித்தால் சர்க்காருக்கு என்ன? காரணம் இல்லாமலா கேட்பார்கள்? புயல் அடித்த வருஷம் கணக்கெடுக்க வந்தவர் வீடு முழுசாக விழுந்ததா என்று கேட்டார். பாதிதான் என்று உள்ளதைச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரன் முழுசும் என்றான். அவனுக்கு நிவாரணம் வந்தது. நான் இன்னும் தார்ப்பாய்க்குக் கீழேதான் படுக்கிறேன்.

நிறுத்தாமல் இல்லை. நாலு நாள் நிறுத்தினேன். ஐந்தாம் நாள் வயலில் எல்லாரும் பீடிக்குக் கரையேறினார்கள். எங்கள் பக்கம் பீடி பிடிக்கிறவன் கரையேறினால் யாரும் கேட்கமாட்டார்கள். சும்மா உட்கார்ந்தால் வயல்காரர் ஏய் என்பார். இடுப்பு விட்டுப்போனது. நானும் ஏறினேன்.

அன்று சாயங்காலம் செம்மொழி போனோடு வந்து நின்றாள்.

"என்ன மாமா அனுப்ப?"

"ஒண்ணு போடு."

அவளுக்கும் மூக்கு இருக்கிறது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒண்ணே போட்டாள். உடனே வாழ்த்துகள் என்று பதில் வந்தது. தினமும் வந்தது. விரலில் சீழ் பிடித்த அன்றைக்கும் வாழ்த்துகள்தான்.

மருதையன் ஓட்டைவாயன். இரண்டு, இரண்டு என்றே அனுப்பினான். அவனுக்கு வாழ்த்து வரவில்லை, போன் வந்தது. ஒரு பெண் பேசினாளாம், எந்த நேரத்தில் கை பரபரக்கிறது என்று விசாரித்தாளாம். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டு மெல்லுகிற மருந்து கொடுத்தார்களாம். விட்டு விட்டுப் பிடித்து, மூன்றாம் மாசம் ஒரேயடியாக விட்டுவிட்டான். "என்னப்பா, ஒனக்கு தினம் வாழ்த்தாமே, வீட்ல கல்யாணமா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான்.

ஆறாம் மாசம் டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக் குழம்பினார்.

"ஒரு பீடிகூட இல்லைன்னு இதுல இருக்கு. பின்ன ஏன் கறுப்பு மேல ஏறுது? உண்மையச் சொல்லுங்க பெரியவரே, அப்பதான் வைத்தியம் பார்க்க முடியும்."

என் சட்டைப்பையில் பீடிக்கட்டு இருந்தது. அவர் முன்னால் கம்ப்யூட்டர் இருந்தது.

"தொடலீங்க" என்றேன்.

சர்க்கரையா, வேறு வியாதியா என்று சோதனைக்கு மேல் சோதனை எடுத்தார்கள். ஒரு மாசம் அதிலேயே போனது. முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள்.

இப்போது கட்டிலில் கிடக்கிறேன். என் மண்வெட்டியைச் செம்மொழி யாருக்கோ கொடுத்துவிட்டாள். நேற்று ஊனமுற்றோர் பணத்துக்கு மனு எழுதிப் போட்டாள். அதே நம்பர்.

சாயங்காலம் மெசேஜ் வந்தது. கட்டிலடியில் நான் நசுக்கிப் போட்டிருந்த பீடித்துண்டைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு நின்றாள்.

"இன்னைக்காவது ரெண்டு போடட்டுமா மாமா? மருதையன் மாமாவுக்கு ஒண்ணும் பென்ஷன் நிக்கலையே."

"அவனுக்கு நிக்காது. நமக்கு நிக்கும்."

மிச்சமிருக்கிற காலில் கட்டைவிரல் காலையிலிருந்து ஜில்லென்று கிடக்கிறது. அதை அவளிடம் சொல்லவில்லை.

"மனு இன்னும் பாஸாகல. ஒண்ணு போடு."

போட்டாள். வாழ்த்துகள் வந்தது.