உபயகாரர் வீட்டு முழங்கால்

பாரிஸ் நகரின் ரூ பஜோல் தெருவில் இருக்கும் பிள்ளையாருக்கு ஆண்டுதோறும் ஒருநாள் திருவிழா என் உபயம். ஒலிபெருக்கியில் "இன்றைய உபயகாரர் வாமதேவன் குடும்பம்" என்று சொல்லும்போது, உணவகத்தில் கோப்பை கழுவிக் கூனிப்போன என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். வேறு எந்த வைத்தியத்துக்கும் அது நிமிர்ந்ததில்லை.

அடுத்த மாதம் எனக்கு ஓய்வு. இந்த நாட்டில் வைத்தியச் செலவின் பெரும்பங்கை அரசுக் காப்புறுதி கொடுக்கும். மிச்சத்தை மியூத்துவெல் என்ற துணைக் காப்புறுதி பார்த்துக்கொள்ளும். முதலாளி பாதி கட்டிவந்த மியூத்துவெல்லை இனி வைத்திருக்க வேண்டுமென்றால் முழுவதையும் நானே கட்டவேண்டும். அல்லது, வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் துணைக் காப்புறுதியைக் கேட்கலாம். இதற்குள் என் மனைவி தில்லைநாயகியின் வலது முழங்காலை மாற்றியே ஆகவேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

புத்தியுள்ளவன் காப்புறுதி அலுவலகத்துக்குப் போவான். நான் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். அங்கே ஸ்ரீஸ்கந்தராசா இருந்தார். கோயிலில் யாருக்கு எந்த நாள் உபயம் என்று தீர்மானிப்பவர் அவர். ஆகவே மனித உடம்பு, ஓய்வூதியம், பிரெஞ்சுச் சட்டம் அனைத்துக்கும் அவரே நிபுணர்.

"அரசாங்கத்தின்ரையோ? சீச்சீ! அது இல்லாததுகளுக்கு. நீர் உபயகாரர். உம்மடை சம்பந்தி கேள்விப்பட்டால் முகத்தை எங்கை கொண்டுபோய் வைப்பீர்?"

"அப்ப நீங்கள் என்ன அண்ணை எடுத்தனீங்கள்?"

"நானோ? முதல்தரப் பிரைவேற். தனி அறை, தனி ரீவி." வடையை அவர் விழுங்கினார், காசை நான் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து இந்த ஞானத்தைத் தில்லைநாயகிக்கு வழங்கினேன்.

"முழங்கால் என்ரை, முகம் உங்கடை. எதை முதல்லை மாத்துறதெண்டு யோசியுங்கோ" என்றாள்.

"கோயில்காரர் அறிஞ்சால்?"

"அறிஞ்சால் என்ன, பிள்ளையார் உங்களைத் தள்ளி வைச்சிடுவாரோ?"

மகள் மிருணாளினியைக் கொண்டு அவளே சார்செல் ஊர் அரசுக் காப்புறுதி அலுவலகத்தில் நேரம் எடுத்துவிட்டாள்.

நான் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கொரோனாக் காலத்து முகக்கவசம் எல்லாம் அணிந்து போனேன். "வங்கி உடைக்கப் போறவன் மாதிரி இருக்கிறியள்" என்றாள் தில்லைநாயகி. காத்திருக்கும் இடத்தில் என்னைவிடப் பெரிய கள்ளன் ஒருவன் இருந்தான். யூலை வெயிலில் மூக்குவரை கம்பளி மஃப்ளர்.

தில்லைநாயகி குனிந்து பார்த்தாள். "ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை! தடிமனே, மூக்கு ஒழுகுதோ?"

"ஓம் தங்கச்சி... சும்மா, ஒரு ஆளுக்கு மொழிபெயர்க்க வந்தனான்."

"ஆள் எங்கை?"

அவர் கழிப்பறைக் கதவைக் காட்டினார். "உள்ளுக்கை நிக்கிறார்."

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. "மிசியூ வாமதேவன்!"

மண்டபம் முழுக்கக் கேட்டது. இந்தமுறை முதுகு நிமிரவில்லை. நானும் அந்தக் கழிப்பறைக் கதவைத்தான் பார்த்தேன்.

தில்லைநாயகி கதிரையைப் பிடித்து எழும்பினாள். "ஓம், இஞ்சைதான் நிக்கிறம்!" என்று தமிழிலேயே உரத்துச் சொல்லிவிட்டு, பல்லைக் கடித்தபடி நடந்தாள். அந்த முழங்கால் எழுப்பிய சத்தத்தில் என் பிடிவாதம் முழுவதும் நொறுங்கியது. தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு ஓடிப்போய் அவளுக்குக் கை கொடுத்தேன்.

ஆரெலி என்ற அதிகாரி கணினியைத் தட்டினாள். தகுதி உண்டு, மாதம் ஒரு சிறு தொகை போதும், சத்திரசிகிச்சைக்குக் கையிலிருந்து எதுவும் போகாது என்றாள். பிறகு என்னை வியப்போடு பார்த்தாள்: "உங்கள் சம்பளத்துக்கு எப்போதோ வந்திருக்கலாமே, மிசியூ?"

நான் உபயகாரன் என்பதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

திரும்பி வரும்போது ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது. "மிசியூ ஸ்ரீஸ்கந்தராசா!"

மஃப்ளர் அசையவில்லை. கழிப்பறையிலிருந்தும் எவரும் வரவில்லை. தில்லைநாயகி நொண்டிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றாள்.

"எழும்புங்கோ அண்ணை. உங்கடை உபயம்."