சமையலறையில் ஒரு பன்கே

2005 அக்டோபர். பிறந்தநாள் அன்று காலையிலிருந்தே மதுமதி ஒன்றும் தெரியாதவள் போல் நடித்துக்கொண்டிருந்தாள். அவள் படித்த கோவை ஹாஸ்டலில் பிறந்தநாள்காரிக்கு அது ஒன்றுதான் வேலை. கேக் தோழிகளின் பொறுப்பு. ஆனால் இப்போது அவள் வேலை பார்க்கும் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் ஆய்வுக்கூடத்தில் மணி ஐந்தாகியும் யாரும் வாயைத் திறக்கவில்லை. இத்தனைக்கும் சுவர் நாள்காட்டியில் அவள் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது!

எட்டு மாதமாகக் கூட வேலை பார்ப்பவர்கள். விடுதிக்குத் திரும்பினாள். விடுதிப் பொதுச் சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்த சூஜினிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். சூஜின் பக்கத்து அறைக்காரி, சியோலிலிருந்து இசை படிக்க வந்தவள்.

"எங்க ஊர்ல இதுக்குப் பேரே இருக்கு. வாங்தா. எல்லாரும் சேர்ந்து ஒதுக்கி வைக்கிற ஆளு."

"அப்போ நான் வாங்தாதான்."

"அதுக்குள்ள முடிவு பண்ணாதே. பன்கேன்னு ஒண்ணு இருக்கு. மின்னல்னு அர்த்தம். முன்கூட்டி சொல்லாம, திடீர்னு 'இப்பவே வா'ன்னு கூப்பிடுறது."

பல் பிடுங்கவே மூன்று வாரம் முன்பு நேரம் வாங்க வேண்டிய நாட்டில் மின்னலாம்! யாரும் வராவிட்டால் தான் வேண்டாதவள் என்பது உறுதியாகிவிடும். அந்தப் பயம்தான் மதுமதிக்கு. ஆனால் ரவை இருந்தது, நெய் இருந்தது, சூஜினும் விடுவதாயில்லை. 'கேசரி கிண்டுகிறேன், இப்பவே வாருங்கள்' என்று கூட வேலை செய்யும் ஆறு பேருக்கும் குறுஞ்செய்தி தட்டிவிட்டு வாணலியை வைத்தாள்.

ஆய்வுக்கூடம் நடக்கிற தூரம்தான். கேசரி இறுகுவதற்குள் ஆறு பேரும் வாசலில் நின்றார்கள்.

"காலையிலிருந்து காத்துக் கிடக்கோம்!" என்று பொரிந்தான் தோபியாஸ். "பிறந்தநாள்காரங்கதானே கேக் கொண்டுவரணும்? நீ வெறுங்கையோட வந்தே. கொண்டாடப் பிடிக்கலை போலன்னு வாழ்த்துச் சொல்லக்கூட பயந்துட்டோம்."

மதுமதி கரண்டியும் கையுமாக நின்றாள். "எங்க ஊர்ல அதை மத்தவங்கதான் கொண்டுவரணும்!"

சமையலறையே அதிரச் சிரித்தார்கள். மதுமதிக்குச் சந்தோஷத்தில் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆறு பேரும் நின்றபடியே கேசரியை வழித்துத் தின்றார்கள்.

"அடுத்த மாசம் எனக்குப் பிறந்தநாள். எந்த ஊர் வழக்கம்?" என்றான் தோபியாஸ்.

"நீ சும்மா இரு. நாங்க பாத்துக்கறோம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. இந்த ஊருக்கு வந்து 'நாங்க' என்று அவள் சொன்னது அதுவே முதல் தடவை.