மேனாம்பேடு பிரதர்ஸின் கழலாத ஜெர்சி

மேனாம்பேடு பிரதர்ஸ் கால்பந்து அணியின் ரசிகர்களுக்கு, போட்டிருந்த ஜெர்சி உடம்பை விட்டுக் கழலாமல் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். லீக் தொடங்குவதற்கு முன் மைதானத்தின் நடுவில் பந்தை வைத்து, அதன் தலையில் வெற்றிலையும் வெற்றிலை மேல் கற்பூரமும் ஏற்றி, ஓர் ஆட்டமாவது ஜெயிக்கிற வரைக்கும் இந்தச் சட்டையைக் கழற்ற மாட்டோம் என்று சத்தியம் செய்வது அவர்கள் வழக்கம். வருடா வருடம் செய்கிற சத்தியம்தான். முதல் ஞாயிறோ மிஞ்சினால் அடுத்த ஞாயிறோ அணி ஜெயித்துவிடும், சட்டையும் துவைக்கப் போய்விடும். அணி தோற்கப் பழகிய பிறகும் சத்தியத்தை மாற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த வருடம் நசரத்பேட்டை அணியிடம் நான்கு கோல் வாங்கிவிட்டு வீடு திரும்பியவர்கள், யார் பார்க்கப்போகிறார்கள் என்று கமுக்கமாகக் குளியலறைக்குள் போனார்கள். சட்டை தொப்புளுக்கு மேல் ஏறவில்லை.

டெய்லர் கடையில் முயன்றார்கள். கத்தரிக்கோல்தான் மழுங்கியது. அப்புறம் பழகிக்கொண்டார்கள், வேறென்ன செய்வது? சட்டைக்கு மேலேயே சோப்பு போட்டுக் குளித்தார்கள். ஐ.டி. கம்பெனிக்குப் போகிறவர்கள் அதன் மேல் ஃபார்மல் சட்டையைப் போட்டுக்கொண்டார்கள். ஒரு மாப்பிள்ளை பட்டுச் சட்டைக்குள் ஜெர்சியின் மெரூன் காலர் எட்டிப் பார்க்கத் தாலி கட்டினான். அணி டிரா செய்கிற ஞாயிறுகளில் மட்டும் கழுத்துப் பக்கம் கொஞ்சம் தளர்ந்து காற்று வாங்கும். திங்கட்கிழமை காலை மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஒரு வருடம் போனதும் கொசு அந்தத் துணியின் மேலேயே கடித்தது, கடித்த இடம் தடித்தது. மூன்று வருடம் இப்படியே ஓடியது. மூன்று வருடத்தில் அணி ஒரு லீக் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

இதற்குள் பக்கத்து அணியான வானகரம் சிட்டி எங்கோ உயரத்துக்குப் போய்விட்டது. பைபாஸை ஒட்டி அபார்ட்மெண்ட்கள் எழும்பியபோது பிறந்த அணி, நேற்று முளைத்தது. மேனாம்பேட்டார் அதை முதலில் ஓர் அணியாகவே மதிக்கவில்லை. வானகரத்தார் திருநெல்வேலிக்காரனையும் சேலத்துக்காரனையும் சேர்த்து ஆடி அடுத்தடுத்து மூன்று கோப்பை வாங்கினார்கள். கோப்பையோடு செண்டை மேளம் வைத்து ஊர்வலம் போனார்கள், அதுவும் வேண்டுமென்றே, மேனாம்பேடு இருக்கிற அம்பத்தூர் வழியாக. அவர்கள் கோப்பையைத் தூக்குகிற ஒவ்வொரு தடவையும் மேனாம்பேட்டில் ஜெர்சி ஒரு சுற்று இறுகியது. மூன்றாவது கோப்பையின்போது கோதண்டம் வீட்டு வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கோதண்டம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். பையனாக இருந்தபோதிலிருந்து பிரதர்ஸ் ஆடிய எந்த ஆட்டத்தையும் விட்டதில்லை. சொந்தக் கல்யாணத்தன்று மட்டும் இரண்டாம் பாதிக்குத்தான் போக முடிந்தது. அந்தக் குறை அவருக்கு இன்னமும் உண்டு, அவர் மனைவி பத்மாவுக்கு வேறு மாதிரிக் குறை உண்டு. மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் சபீனா, இதயத்துக்குப் போகிற குழாய்கள் அடைத்துப்போயிருக்கின்றன, நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட முடியாது என்றார். பிறகு சட்டையைக் கழற்றச் சொன்னார். பத்மா விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் இரண்டு கத்தரிக்கோலை வீணாக்கிவிட்டு, "இதை எப்படியாவது கழற்றிட்டு வாங்க, ஆனா சீக்கிரம் வாங்க" என்றார்.

கழற்ற ஒரு வழி இருந்தது. கோதண்டத்தின் பால்ய சிநேகிதன் ஜஸ்டின்தான் அதைக் கண்டுபிடித்தவன். ஒரு நாள் டிவியில் வானகரத்தின் கோலைப் பார்த்துத் தன்னை மறந்து கை தட்டியிருக்கிறான். சட்டை தானாக அவிழ்ந்து மடியில் விழுந்தது. அதன் பிறகு பாதிப் பேர் அப்படிப் போய்விட்டார்கள், எல்லோரும் இப்போது வானகரத்தின் நீலத்தில் பளபளக்கிறார்கள். நன்றிகெட்டவர்கள் என்று சொல்ல வாய் வருகிறதுதான். ஆனால் அக்குளில் அரிப்பு தாங்காதவனைப் போய் என்ன சொல்வது?

"மச்சான், மனசு மார்னா போதும்டா, தானா கயண்டுக்கும்" என்றான் ஜஸ்டின்.

பத்மா கோதண்டத்தைக் கட்டிலில் உட்காரவைத்து எதிரில் நின்றாள். "சொல்லுய்யா. வானகரம்தான் என் டீமுன்னு ஒரே ஒரு தபா சொல்லு."

"வானகரம்தான் என் டீம்" என்றார் கோதண்டம். சட்டை அசையவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னார். பத்மா விளிம்பைப் பிடித்து இழுத்தாள், அவர் வலியில் முனகினார்.

"மனசார சொல்லுய்யா!"

"சொல்லிக்கினுதான கீறேன்? அது நம்ப மாட்டேங்குது, நான் இன்னா பண்றது?"

பத்மாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "எனக்கோசரம் ஒரு பொய் உண்மையா சொல்ல முடியல உன்னால" என்றாள்.

மிச்சம் இருந்தது அடுத்த ஞாயிறு ஆட்டம், அதுவும் வானகரத்தோடு. அன்று மைதானத்தில் கூட்டம் நெரிந்தது. கோதண்டம் பத்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்தார். முதல் பாதியில் இரண்டு பக்கமும் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் மேனாம்பேட்டுப் பையன் ஒருவன் தூரத்திலிருந்து ஒரு நொண்டிப் பந்தை உதைத்தான். பந்து உருண்டு உருண்டு வந்தது. வானகரத்தின் கோல்கீப்பர் அதை நன்றாகப் பார்த்தார், பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் பாய்ந்து விழுந்தார்.

மேனாம்பேடு குதித்தது. கோதண்டம் குதிக்கவில்லை. நீலச் சட்டையில் நின்ற ஜஸ்டின் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். அவன்தான் வானகரத்து ஆட்டக்காரர்களைப் பார்த்து, விட்டுக்கொடுக்கச் சொல்லிக் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறான் என்பது அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம். அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பத்மா அவர் கையை இறுக்கிப் பிடித்து, "வேணாம்யா, கம்முனு இரு" என்றாள்.

அவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "டேய், ஒயுங்கா ஆடுறா! இன்னா பிச்சை போட்றியா எங்க டீமுக்கு?"

மைதானம் முழுக்கக் கேட்டது. கோல்கீப்பருக்கு முகம் சிவந்தது. அதன் பிறகு வானகரம் ஒழுங்காக ஆடியது. மூன்று கோல் போட்டது.

பத்மா அன்று அவரோடு பேசவில்லை. அவரைச் சும்மா விடவும் இல்லை. மைதானத்திலிருந்தே ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் சபீனா அப்போதுதான் வந்து கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அவரும் வானகரத்து அபார்ட்மெண்ட்காரர்தான். அன்றைய ஆட்டத்தைக் கேலரியில் இருந்து பார்த்தவர், அந்தச் சத்தத்தையும் கேட்டவர்.

"கயட்டவே வேணாம் டாக்டரம்மா" என்றாள் பத்மா. "இந்தாளு கயட்ட மாட்டாரு. செத்தாலும் மாட்டாரு. இதோடவே இட்டுகினு போயி அறுங்க. எனக்கு மன்சன் வேணும்."

டாக்டர் கோதண்டத்தின் தோளில் மெரூன் துணியை இரண்டு விரலால் கிள்ளினார். கோதண்டம் "ஸ்ஸ்" என்றார். கிள்ளிய இடம் வெளுத்துப் பிறகு மெல்லச் சிவந்தது. டாக்டர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இதுவரை எல்லோரும் இதைச் சட்டையாக நினைத்துக் கழற்றத்தான் பார்த்திருக்கிறார்கள், தானும் அதைத்தான் செய்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

"நெஞ்சுக்கு நடுவுல கீறணும். உங்க டீமோட பல்சக்கரச் சின்னம் அங்கதான் இருக்கு. அது ரெண்டா போயிடும். பரவாயில்லையா?"

கோதண்டம் யோசித்தார். "நீங்க எந்த டீமு டாக்டர்?"

"வானகரம்."

இன்னும் கொஞ்சம் யோசித்தார். "சரி. நேரா கீறுங்க" என்றார்.

கத்தி பட்டதும் சட்டை தோலைப்போலத் திறந்தது, திறந்த இடத்தில் ரத்தமும் வந்தது. டாக்டர் உள்ளே செய்ய வேண்டியதைச் செய்தார். பிறகு சட்டையையே இழுத்துச் சேர்த்துத் தைத்து மூடினார். வெளியே பத்மாவும் ஜஸ்டினும் ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். வாங்கிவைத்த டீயில் ஆடை படிந்தது, இருவருமே அதைத் தொடவில்லை. பிழைத்துக்கொண்டார் என்று செய்தி வந்தபோது பத்மா தன்னையறியாமல் ஜஸ்டினின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த வருடம், தை பிறந்த கையோடு, மேனாம்பேடு பிரதர்ஸ் ஓர் ஆட்டம் ஜெயித்தது. ஒரே ஒரு கோல், யாரும் விட்டுக்கொடுக்காத கோல். அன்று சாயங்காலம் மேனாம்பேட்டில் எல்லா மாடிக் கொடிகளிலும் மெரூன் சட்டைகள் காய்ந்தன. வெறும் உடம்போடு மனிதர்கள் தெருவில் நடந்து ஒருவரையொருவர் பார்த்து வெட்கப்பட்டார்கள்.

கோதண்டம் வீட்டில் பத்மா அவரை நாற்காலியில் உட்காரவைத்து, சட்டையின் விளிம்பைப் பிடித்து மெதுவாக மேலே தூக்கிப் பார்த்தாள். துணியோடு சேர்ந்து வயிறும் எழும்பியது.

"வலிக்குது" என்றார் கோதண்டம்.

பத்மா கையை எடுத்தாள். "சரி, எய்ந்து கை கயுவு. சோறு ஆறுது" என்றாள்.