வல்துர்சாவுக்கு எதிராக அடித்த கோல்

எங்கள் ரோக்காமொரா கால்பந்து கிளப்புக்கு 1979இல் ஐம்பது வயது நிறைந்தது. ஜூன் மாதம் மைதானத்திலேயே ஊர் விருந்து வைப்பது என்றும், கிளப்பின் வரலாற்றைச் சின்னப் புத்தகமாகப் போடுவது என்றும் கமிட்டி முடிவு செய்தது. புத்தகம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. தபாலாபீஸில் இருக்கிறேன், டைப் அடிக்கத் தெரியும், அதனால் பதினோரு வருடமாக நான்தான் கிளப் செயலாளர்.

சரிவான மைதானம், பந்தை அடித்துக்கொண்டு போன ஆற்று வெள்ளம், போரில் நின்றுபோன ஆட்டங்கள் எல்லாம் சுலபமாக எழுத வந்தன. 1951 மே மாதத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

அந்த ஒரு வருடம்தான் நாங்கள் மேல் பிரிவுக்கு ஏறினோம். கடைசி ஆட்டம் பக்கத்து ஊர் வல்துர்சாவோடு. கொட்டுகிற மழை, முழங்கால் வரை சேறு. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது ஒரு கோல் விழுந்து ஜெயித்தோம். எங்கள் ஆட்டக்காரர் ஓரெஸ்தே பந்தை உதைத்தார், அது எங்கள் அணியிலேயே இருந்த எவாசியோவின் பின்புறத்தில் பட்டது, எல்லோரும் குவியலாக விழுந்தார்கள், எழுந்து பார்த்தால் பந்து கோலுக்குள் கிடந்தது. இதுவரைக்கும் சண்டையில்லை. கோல் யாருடையது என்பதில்தான் சண்டை.

எவாசியோ கசாப்புக் கடை வைத்திருக்கிறார். ஓரெஸ்தே பஸ் ஓட்டுகிறார். இருபத்தெட்டு வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எவாசியோ பஸ்ஸில் ஏறினால் ஓரெஸ்தே கண்ணாடி வழியாக வானத்தைப் பார்ப்பார்.

புத்தகச் செய்தி பரவிய மறுநாளே எவாசியோ தபாலாபீஸுக்கு வந்துவிட்டார். தபால் தலைகூட வாங்கவில்லை.

"இல்டா, அந்தப் பக்கம் எழுதியாச்சா?"

"எந்தப் பக்கம்?"

"தெரியாத மாதிரி கேக்காதம்மா. எம்மேல படலேன்னா அந்தப் பந்து நேரா ஆத்துக்குத்தான் போயிருக்கும். எம்பேரு இல்லேன்னா விருந்துக்குக் கறி வேற ஊர்லேர்ந்து வாங்கிக்கோங்க."

சாயங்காலம் பஸ்ஸில் ஓரெஸ்தே என்னை முன்சீட்டில் உட்காரச் சொன்னார்.

"உதைச்சவன் நான். அவன் குறுக்க நின்னான், அவ்வளவுதான். சுவத்துல பட்டு உள்ள போனா சுவத்துக்கா மாலை போடுவாங்க?"

பழைய பத்திரிகைகளைத் தேடினேன். ஒன்று ஓரெஸ்தே என்றது, ஒன்று எவாசியோ என்றது. நடுவரின் அறிக்கையில் 'கோல்: ரோக்காமொரா' என்பதோடு சரி. அப்போதுதான் ஒன்று தோன்றியது. அன்றைக்குக் கோலில் நின்ற வல்துர்சாக்காரரை இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதே இல்லை.

அவர் பெயர் அமில்காரே. அந்த ஊருக்கு வெளியே ஹேசல்நட் என்ற கொட்டை மரத் தோட்டம் வைத்திருந்தார். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் ஒயினை ஊற்றினார், கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு பேரு கோலும் இல்ல, பொண்ணே. எவாசியோ மேல பட்ட பந்து வெளியதான் போச்சு. நான் சும்மா விட்டிருக்கலாம். பாஞ்சு பிடிச்சேன். அழகாப் பிடிச்சேன்! கட்டிப் பிடிச்சுக்கிட்டே சேத்துல வழுக்கி, பந்தோட நானே கோலுக்குள்ள போயிட்டேன்."

"ஏன் சொல்லலை?"

"அப்ப எங்க கிளப் தலைவரோட பொண்ணைக் கேட்டிருந்தேன். சொன்னா குடுப்பாரா?"

சமையலறையிலிருந்து அவர் மனைவி க்ளொதில்தேயின் குரல் வந்தது.

"எனக்கு அன்னைக்கே தெரியும்! நான் கோலுக்குப் பின்னாடிதான் குடை பிடிச்சுக்கிட்டு நின்னேன்!"

அமில்காரே சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், ஒயின் மேசையெல்லாம் சிந்தியது. "அப்பாடா! இருபத்தெட்டு வருஷம் இவகிட்ட மறைச்சேனே!" அந்தச் சந்தோஷத்திலேயே விருந்துக்கு வந்து தானே சொல்வதாக ஒத்துக்கொண்டார்.

விருந்தன்று மத்தியானம் மைதானம் முழுக்க நீள மேசைகள். கறி அடைத்த பாஸ்தா இரண்டு சுற்று முடிந்தபோது அமில்காரே எழுந்து, எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னார். முந்நூறு பேர் வாயில் போட்டதை மெல்லாமல் கேட்டார்கள். ஊரின் ஒரே பெருமையை நானே கூட்டிவந்து கெடுத்துவிட்டேனோ?

ஒரு மேசைக் கோடியில் எவாசியோ எழுந்தார். மறு கோடியில் ஓரெஸ்தே எழுந்தார்.

"பொய்!" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

எவாசியோ திரும்பினார். "டேய் ஓரெஸ்தே! நீ அடிச்சது எம்மேல பட்டு உள்ள போச்சா இல்லையா?"

"போச்சுடா! நான் அடிச்சேன், நீ திருப்பினே! கண்ணால பாத்தேன்!"

"கேட்டியாய்யா வல்துர்சாக்காரா? எங்க ரெண்டு பேரு கோலைத் திருட வந்தியா?"

தாங்கள் பேசிக்கொண்டதே இருவருக்கும் உடனே உறைக்கவில்லை. எங்களுக்கு உறைத்தது. யாரோ கைதட்ட ஆரம்பிக்க, மேசைகள் அதிர்ந்தன.

"நிரூபிச்சுக் காட்டு!" என்று ஓரெஸ்தே கத்தினார். அவ்வளவுதான். கோலின் முன்னால் தோட்டக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சிச் சேறாக்கினார்கள். அமில்காரே கோட்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். எவாசியோ கோலருகே குனிந்து நின்றார். ஓரெஸ்தே உதைத்த முதல் பந்து பாதிரியாரின் தட்டில் போய் விழுந்தது. அடுத்த மூன்றும் வேலி தாண்டின.

"இவ்வளவு பெரிசா வச்சிருக்கேன், இதுலகூட அடிக்கத் தெரியலையாடா உனக்கு!"

"ஆடாம நில்லுடா கசாப்புக்காரா!"

ஐந்தாவது சரியாகப் பட்டது. பந்து கம்பத்துக்கு வெளியேதான் உருண்டது. அறுபது வயது அமில்காரே பாய்ந்தார், பிடித்தார், வழுக்கினார். அவரைத் தடுக்கப் போன எவாசியோவும், ஓடி வந்து நிற்க முடியாத ஓரெஸ்தேயும் அவர் மேல் விழுந்தார்கள். மூன்று பேரும் பந்தோடு கோல் கோட்டைத் தாண்டி வலையில் சிக்கினார்கள். உள்ளே இருந்தபடியே சிரித்தார்கள். வலையை அறுத்துத்தான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

அன்றிரவே அந்தப் பக்கத்தை டைப் அடித்து முடித்தேன். "கோல்: ஓரெஸ்தே, எவாசியோ, அமில்காரே" என்று எழுதினேன். அச்சகத்துக்காரர், "ஒரு கோலுக்கு மூணு பேரா? தப்பு இருக்கும்மா" என்றார். "அப்படியே போடுங்க" என்றேன்.

ஆகஸ்டில் ஹேசல்நட் உதிர்ந்தபோது எவாசியோவும் ஓரெஸ்தேயும் அமில்காரேவுக்கு உதவப் போனார்கள். நான் புத்தகம் கொடுக்கப் போயிருந்தேன். மூன்று பேரும் மரத்தடியில் மண்டியிட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். யார் பெயரை முதலில் போட்டிருக்க வேண்டும் என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. புத்தகத்தை க்ளொதில்தேயிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அதை ஓட்ட வேண்டியவர் இன்னும் மரத்தடியில்தான் இருந்தார்.