எஸிலீனாவின் இரண்டாவது அர்த்தம்

பின்லாந்தின் ஈஸல்மி ஊர் அஞ்சலகத்தில் வேலை பார்த்த சில்விக்குச் சம்பளமில்லாத வேலை ஒன்றும் இருந்தது. ஹெல்சிங்கியில் அகராதி தயாரிப்பவர்கள் கேட்கும் சொற்களை ஊரில் விசாரித்துச் சீட்டில் எழுதி அனுப்புவாள். 1956 கோடையில் வந்த சொல் எஸிலீனா. எஸி என்றால் முன், லீனா என்றால் துணி. சமையலறையில் கட்டிக்கொள்ளும் ஏப்ரன். ஆனால் நடனத்துக்குப் போகும் கல்யாணமாகாத பெண்ணுக்குக் காவலாகப் போகிறவளுக்கும் அதே பெயர். அது ஏன் என்று கேட்டிருந்தார்கள்.

அந்த வாரச் சனிக்கிழமை அண்ணன் மகள் ராய்லி ஏரிக்கரை நடனத்துக்குக் கிளம்பினாள். சில்வியும் கூடப் போனால்தான் அனுப்புவேன் என்றார் அண்ணன் தானெலி. நாற்பத்து மூன்று வயதுவரை தனியாளாக இருந்த சில்வி, பென்சிலும் சீட்டுமாகப் போனாள்.

ராய்லியை ஆடவிட்டு, விசாரணையில் இறங்கினாள். ஏப்ரன் பாவாடையில் கறை படாமல் காக்கிறது, காவலுக்கு வருகிறவள் பெண்ணின் பெயரில் கறை படாமல் காக்கிறாள் என்றாள் காப்பி விற்பவள். பக்கத்து மேசையில் ஒருவர் சிரித்தார். காடு அளக்க மேற்குக் கரையின் வாசா நகரிலிருந்து வந்த குன்னார், ஸ்வீடிஷ் பேசுகிறவர்.

"எங்க பாஷையிலயும் ஏப்ரனுக்கு முன்துணின்னுதான் பேரு. அதுக்கும் இதே ரெண்டு அர்த்தம். எங்ககிட்டருந்து வந்ததுதாங்க."

"அப்போ அது எங்க வார்த்தையே இல்லையா?" சில்விக்கு முகம் வாடிவிட்டது.

"எஸியும் லீனாவும் உங்களோடதுதான். சேத்துக் கட்டின விதம்தான் எங்களோடது. எழுதியாச்சுன்னா ஒரு வால்ட்ஸ் ஆடலாமா?"

தான் காவலுக்கு வந்திருப்பதாகச் சொல்லிப் பார்த்தாள் சில்வி. அவர் எழுந்து நின்று கையை நீட்டினார். ஒன்று ஆடினார்கள், பிறகு நான்கு. இத்தனை வருஷம் கழித்தும் கால்களுக்கு எல்லாம் நினைவிருந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ராய்லி வந்து கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள்.

"நீ முன்னாடி போம்மா. நான் வரேன்."

"அதெல்லாம் முடியாது அத்தை. உங்களை இவர்கூடத் தனியா விட்டுட்டுப் போனா அப்பாவுக்கு யாரு பதில் சொல்றது?"

இன்னும் இரண்டு பாட்டு முடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்து கண்காணித்தாள் ராய்லி. பஸ் போய்விட்டது. குன்னாரின் ஜீப்பில் மூன்று பேரும் வீடு சேர்ந்தார்கள். ராய்லி பிடிவாதமாக நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

மறு வசந்தத்தில் கல்யாணம். ஒரு பெண்ணைக் காக்க அனுப்பி இன்னொரு பெண்ணைப் பறிகொடுத்தேன் என்று தானெலி விருந்தில் சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லிவிட்டு, மாப்பிள்ளையின் தட்டில் இன்னொரு துண்டு சால்மனும் வைத்தார்.