ஆபத்தே இல்லாத பணம்

சயாமா என் கட்டுரையை மேசைமேல் போட்டார். வைக்கவில்லை, போட்டார். முதல் பக்கத்தில் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு.

"பேங்க்ல போட்ட காசுக்கு ஆபத்தே இல்லன்னு பாடத்துல இருக்கு. நீ வேற என்னமோ எழுதியிருக்க. நாளைக்கு மாத்திக் கொண்டா. இல்லன்னா துணைப்பாடம் கெடையாது."

ரங்கூனில் டீச்சரம்மாவை சயாமா என்போம். தாமுவேயில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் நடக்கிறது எங்கள் கல்லூரி. என் பாடம் சரித்திரம், துணைப்பாடம் நிதி. இரண்டையும் சேர்த்து ஒரு கட்டுரை எழுதினால்தான் தேற முடியும். மற்றவர்கள் வேலைக்காக நிதி எடுத்தார்கள். நான் ஆத்திரத்தில் எடுத்தேன்.

அப்பா பிலிப், துறைமுகக் கிடங்கில் குமாஸ்தா. ஆயுசுக்கும் சேர்த்ததை பேங்கில்தான் போட்டிருந்தார். 2021இல், ராணுவம் ஆட்சியைப் பிடித்து பேங்குகளில் ரொக்கம் வற்றிய சமயம், அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் என்றார்கள். ஆஸ்பத்திரியில் ரொக்கம் கேட்டார்கள். பேங்கிலோ ஒரு டோக்கனைக் கையில் கொடுத்து, கூப்பிடும்போது வா என்றார்கள். கூப்பிடவே இல்லை. அப்பா போய்ச் சேர்ந்தார். கணக்கில் காசு அப்படியே இருந்தது, வட்டியோடு. சொந்தக் காசை எடுக்க முடியாமல் ஒரு மனுஷன் சாவதற்கு இவர்கள் புத்தகத்தில் என்ன பேர் என்று தெரிந்துகொள்ள வந்தால், முதல் நாளே பலகையில் எழுதிப் போட்டார்கள்: பேங்க் வைப்பு, ஆபத்து பூஜ்யம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதனால் டோக்கன் வரிசையைப் பற்றியே கட்டுரை எழுதினேன்.

அம்மா மக்தலேனாவிடம் சொன்னால் அவளும் அதே பாட்டு.

"அவங்க கேக்கறத எழுதிக் குடுத்துட்டு வாயேன்டி. போட்டாதாங் பேட்டைல இருக்கற கம்பெனில நிதி படிச்ச புள்ளதான் வேணுங்கறாங்க. நீ இப்படி எழுதினா அப்பா திரும்பி வரப் போறாரா?"

"அப்ப நீங்க ஏன் இன்னும் அந்த பேங்க் தெருவுல நடக்க மாட்டேங்கறீங்க?"

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். உள்ளே போய் ஜெபமாலை டப்பாவைத் திறந்து, எதையோ எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். அதே டோக்கன். பச்சை பிளாஸ்டிக்கில் ஓரம் தேய்ந்திருந்தது.

"இத அவனுங்க திருப்பிக்கூடக் கேக்கல," என்றாள். மறுபடி வெங்காயத்துக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அறையில் சயாமா மட்டும் இருந்தார்.

"மாத்திட்டியா?"

"இல்ல சயாமா."

அவர் கையில் தங்க வளையல்கள். சம்பளம் வந்த கையோடு தங்கக்கடைக்குப் போய்விடுவார் என்று வகுப்பே பேசும். நான் வளையல்களையே பார்த்தேன்.

"உங்க சம்பளத்த பேங்க்லயா போடறீங்க?"

கை சட்டென்று மேசைக்கு அடியில் போனது.

"புத்தகத்துல இருக்கறதுக்குத்தான் நான் மார்க் போட முடியும், ஷாரோன்."

குரல் இறங்கியிருந்தது. எனக்கு அதில் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் இன்னும் ஏறியது. தெரியாமல் சொல்லித்தந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். தெரிந்தே சொல்லித்தருகிறார்.

கட்டுரையை ஒரு எழுத்தும் மாற்றாமல் அவர் முன்னால் வைத்தேன். அதன்மேல் டோக்கனை வைத்தேன்.

"எங்கப்பாவோடது. இன்னும் கூப்பிடல. இப்ப மார்க் போடுங்க."

மேசைக்கு அடியிலிருந்து அவர் கை மெல்ல மேலே வந்தது. சிவப்புப் பேனாவைத் தாண்டி, டோக்கனுக்குப் பக்கத்தில் வந்து, தொடாமல் நின்றது.